தோள்பட்டை அறுவை சிகிச்சை: கிளெய்ம் மறுப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்: பாலிசிதாரர், திருச்சி
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: கார் விபத்தில் ஏற்பட்ட தோள்பட்டைக் காயத்தை "பழைய கோளாறு" என்று சொல்லி கிளெய்ம் மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2017 நவம்பரிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் உங்களிடம் மருத்துவக் காப்பீடு புதுப்பித்து வருகிறேன். இத்தனை வருடத்தில் நான் கேட்ட முதல் கிளெய்ம் இதுதான். அதை ஜூன் 12 தேதியிட்ட கடிதத்தில் மறுத்துவிட்டீர்கள். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் காரணம் இரண்டே வரி. விபத்தன்று எடுத்த எக்ஸ்ரே நார்மலாக இருந்ததாம். 46 வயதில் தோள் தசைநார் தேய்ந்து கிழிவது இயல்பு என்பதால் இது முன்பே இருந்த நோயாம்.

நடந்ததைச் சொல்கிறேன். 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரில் ஒரு வளைகாப்பு முடிந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியது நான். பாடாலூர் தாண்டியதும் முன்னால் போன பஸ் சட்டென்று வேகம் குறைத்தது. நான் பிரேக் போட்டேன், பின்னால் வந்த சரக்கு வேன் போடவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த நேரத்தில் வேன் வந்து மோதியது. உடம்பு முன்னே போக, சீட் பெல்ட் வலது தோளில் வெட்டி இழுத்தது. கார் டிக்கி நசுங்கியதோடு போயிற்று என்றுதான் முதலில் நினைத்தோம்.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனேன். "வலது தோளில் வலி, கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை" என்று டியூட்டி டாக்டர் ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில்) கைப்பட எழுதியிருக்கிறார். அந்த நகல் உங்களிடம் மூன்று முறை வந்திருக்கிறது. கூரியர் ரசீதுகளை வைத்திருக்கிறேன். எலும்பு முறிவு இல்லை, இரண்டு வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டுப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். தலை பின்ன முடியவில்லை, கொடியில் துணி போட முடியவில்லை. ராத்திரி வலப்பக்கம் புரண்டால் விழிப்புதான். மார்ச் 28 அன்று எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநார் முழுதாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. மருத்துவமனைக்கு நீங்களே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி கேட்டோம், நீங்கள் மறுத்தீர்கள். ஏப்ரல் 7 அன்று ஆர்த்ரோஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு, தைத்தார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினோம்.

இப்போது உங்கள் காரணத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநார்க் கிழிசலைக் காட்டாது. அதற்காகத்தானே எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம்? சம்பவ இடத்திலேயே இல்லாத ஆளைக் கூண்டில் ஏற்றி, "நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்று சொல்லவைத்து, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று தீர்ப்பெழுதியது போல இருக்கிறது உங்கள் கடிதம்.

அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையை யாராவது கடைசிவரை படித்தீர்களா? மூட்டில் நீர் கோத்திருக்கிறது, எலும்புக்குள் அடிபட்ட வீக்கம் இருக்கிறது, தசை மெலியவில்லை, தசையில் கொழுப்பு படியவில்லை என்று அதில் இருக்கிறது. தசைநார் கிழிந்து வெகுநாள் ஆகியிருந்தால் தசை மெலிந்து கொழுப்பு படிந்திருக்கும் என்பது என் சர்ஜன் விளக்கியது. அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

சரி, ஒரு பேச்சுக்கு நீங்கள் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மறுக்க வழியில்லை. முன்பே இருந்த நோய் என்றால், பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்ததோ சிகிச்சை தந்ததோ ஆக இருக்க வேண்டும். 2017க்கு முன் தோளுக்காக நான் எந்த மருத்துவரிடமும் போனதில்லை. அதோடு, அப்படிப்பட்ட நோய்க்கும் காத்திருப்புக் காலம் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது, 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்தால் மோசடியை நிரூபித்தால் ஒழிய எதையோ மறைத்ததாகச் சொல்லி மறுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ல் விதி போட்டிருக்கிறது. எனக்கு ஏழு வருடம் தாண்டிவிட்டது. இது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனக்கு வரவேண்டியது: அறுவை சிகிச்சையும் மருத்துவமனையும் ரூ.1,86,400, எம்.ஆர்.ஐ. ரூ.7,500, பிசியோதெரபி 22 நாள், நாளுக்கு ரூ.500 வீதம் ரூ.11,000. மொத்தம் ரூ.2,04,900. பிசியோதெரபியை "வெளிநோயாளி செலவு" என்று உங்கள் கால் சென்டர் பெண் சொன்னார். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவு உண்டு என்று என் பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. 22 நாளும் அதற்குள்தான். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவருக்கு எழுதிக் கொடுத்ததைப் படித்தார்.

நான் கணக்கு டீச்சர். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் சுவரில் விரலால் ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போடுகிறேன். அடுப்படிக் கதவோரம், என் மகனின் உயரத்தைக் குறித்த கோடுகளுக்குப் பக்கத்திலேயே. போன வாரம் அவன் ஏழாம் வகுப்புக் கோட்டைத் தொட்டேன். கரும்பலகையின் மேல் பாதி இன்னும் எட்டவில்லை. கீழ்ப் பாதியில் எழுதுகிறேன், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதுகிறார்கள்.

கிளெய்ம் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக்கூடாது என்பதும் அதே ஆணையத்தின் விதி. என் கோப்பை அந்தக் குழு எந்தத் தேதியில் பார்த்தது, அதில் எலும்பியல் மருத்துவர் இருந்தாரா, எந்த ஷரத்தின்படி மறுத்தார்கள் என்ற விவரம் வேண்டும். மறுப்பை ரத்து செய்து முழுத் தொகையையும் தாமத வட்டியுடன் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு போடுவேன். அங்கே கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மனு தயாராகவே இருக்கிறது. வலது கை வலித்ததால் மகன் டைப் செய்து கொடுத்தான்.

பதில் எழுத்தில் வரட்டும். "ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்று போனில் சொல்ல வேண்டாம், பகலில் வகுப்பில் இருப்பேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்