ஆலய ஸ்டோர்களைத் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி நெருங்குகிறது. வெள்ளம் வந்தால் ஆலய மண்டபங்களில் சனம் வந்து தங்கும். கிடாரம் எங்கே, பாய் எங்கே, ஸ்டோர் திறப்பு யாரிடம் என்று அதன் பிறகுதான் ஓடித் திரிவோம். 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட மட்டக்களப்பில் இன்னும் இப்படித்தான்.

நகரின் புளியந்தீவுப் பகுதியில் கத்தோலிக்கப் பேராலயம், மெதடிஸ்த ஆலயம், அங்கிலிக்கன் ஆலயம் எல்லாம் நடந்து போகும் தூரம். கல்லடிப் பாலம் தாண்டினால் இன்னும் பல சபைகள். ஒவ்வொன்றும் தனக்கென்று கதிரை, கிடாரம், ஜெனரேட்டர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறது. எங்கள் சபை ஸ்டோரில், யாரோ இறந்தபின் குடும்பத்தார் கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று நிற்கிறது. சில்லில் காற்றில்லை, இருக்கையில் பழைய பாட்டுப் புத்தகக் கட்டு. அதே தெருவில் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மாவுக்கு வாடகைக்கு நாற்காலி எடுத்திருக்கிறார்கள். சைவக் குடும்பம். சபையில் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நாமும் சொல்லவில்லையே!

எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக ஒரு கொப்பி போடலாம். என்ன இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்களையும் எழுதுங்கள்: ஓய்வுபெற்ற தாதி, வயரிங் தெரிந்தவர், உழவு மெஷின் வைத்திருப்பவர். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும்போது, இங்கே குவியும் உலர் உணவுப் பொதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த மெஷின்தானே வேண்டும்?

"கொடுத்தால் திரும்பி வராது" என்பார்கள். சரி, மூடி இல்லாமல் வந்த கிடாரம் எங்களிடமும் உண்டு. கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். மூடி தொலைந்தால் புதிதாக ஒன்று வாங்கலாம்.

விசுவாசிகள் சகலத்தையும் பொதுவாக வைத்திருந்தார்கள் என்ற அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரம் பிரசங்கத்தில் அடிக்கடி வரும். ஆறாம் அதிகாரம் அவ்வளவாக வருவதில்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்று அங்கே முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கப் பார்க்கவில்லை. பந்தி விசாரிக்கவென்று ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். நமக்கு ஏழு பேர்கூட வேண்டாம், சபைக்கு இரண்டு பேர் போதும்.

குருமாரும் போதகர்களும் நவம்பருக்கு முன் ஒருதரம் கூடி இதைப் பேச வேண்டும். ஒன்று மட்டும்: கேட்டு வருபவரிடம் எந்தச் சபை, எந்தச் சமயம் என்று விசாரிக்க வேண்டாம், போதகரின் கடிதமும் கேட்க வேண்டாம். பெயரும் தொலைபேசி எண்ணும் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.