சீனாவின் இருமொழிப் பள்ளிகளில் ஆசிரியர் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஷாங்காயில் ஓர் இருமொழிப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நான், இங்கு பணிக்கு வர விரும்பும் நம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயரில் 'சர்வதேச' என்ற சொல் இருந்தாலும், வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கான பள்ளிகளும், சீனப் பிள்ளைகள் பயிலும் தனியார் இருமொழிப் பள்ளிகளும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வி அளிக்கும் தனியார் பள்ளிகள் வெளிநாட்டுப் பாடநூல்களைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே எந்த வகுப்பு, எந்தப் பாடத்திட்டம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

சீன மொழியில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்ற தனிச்சொல் உண்டு. ஒரு லட்சம் என்பது அவர்களுக்குப் 'பத்து வான்'. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட ஒரு மாணவி, விடையை ஆங்கிலத்தில் சொல்ல எழுந்தபோது, சுழியங்களை விரல்விட்டு எண்ணியபடி தயங்கி நின்றாள். லட்சம், கோடி என்று எண்ணிப் பழகிய எனக்கு அந்தத் தயக்கம் உடனே புரிந்தது. உடன் கற்பிக்கும் சீன ஆசிரியையும் நானும் இரு மொழி எண்ணுப்பெயர்களையும் பலகையில் அருகருகே எழுதிய பிறகே பாடம் நகர்ந்தது. இத்தகைய கூட்டுப் பணிக்கு நேரம் ஒதுக்காத பள்ளியில் இருமொழிக் கல்வி பெயரளவில்தான் நடக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றொன்று: பணிக்கு உரிய 'இசட்' விசா இல்லாமல், சுற்றுலா விசாவில் வந்து பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கூறும் முகவர்களை, தயவுசெய்து, யாரும் நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர், ஷாங்காய்