கட்டில், குளியல், பாண்: டென் ஹாக்கில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டென் ஹாக்கில் கூடும் நெதர்லாந்து நாடாளுமன்றக் கீழவையின் அனைத்துக் கட்சி உறுப்பினர்களுக்கும் வணக்கம். தஞ்சம் கேட்டு வருகிறவர்களை எங்கே தங்கவைப்பது என்பது பற்றி எழுதுகிறேன்.

1985-ல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்த ஈழத்தமிழன் நான். அந்த வருடம் எங்களுக்கென்றே உங்கள் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. சமூக உதவிப் பணம் இல்லை. படுக்க இடம், குளிக்க வசதி, சாப்பாடு மட்டும். டச்சில் 'பெட், பாட், புரோட்'. எங்கள் பேச்சில் அது 'கட்டில், குளியல், பாண்' ஆனது; பாண் என்றால் ரொட்டி. ஒரு பழைய விடுதியில் அறைக்கு ஆறு பேர் இருந்தோம். சமைக்க விடமாட்டார்கள், வேலைக்கும் போக முடியாது. சாளரத்தோரம் வரிசையாக நின்று தெருவைப் பார்ப்போம். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார்கள். ஒருவருக்கும் மற்றவரைப் பற்றி எதுவும் தெரியாது.

1987-ல், நகரசபைகள் அகதிகளைச் சாதாரண வீடுகளில் வைக்கும் முறை வந்தது. நாங்கள் நாலு பேர் ஒரு சிறிய ஊருக்குப் போனோம். முதல் நாளே பக்கத்து வீட்டு அம்மா ஒரு வாளி உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைத்தார். மறுநாள் அதைப் பிரட்டல் கறியாக்கி அவர் வாளியிலேயே திருப்பிக் கொடுத்தோம். கண்ணில் நீர் வர வர முழுவதையும் சாப்பிட்டார். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்ததும் அவர்தான். நாற்பது பேராகப் போயிருந்தால் அந்த வாளி வந்திருக்காது.

டெர் ஆப்பலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடுதிச் சாளரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தஞ்சம் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக முதலில் பதிய வேண்டிய ஊர் அது. 2022 ஆகஸ்டில் ஓர் இரவில் 700 பேர்வரை வெளியே புல்தரையில் படுத்தார்கள். போரிலும் பேரிடரிலும் மருத்துவம் பார்க்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இந்தப் பணக்கார நாட்டுக்குள் வந்து மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று மாதக் குழந்தை ஒன்று அங்கே இறந்தது. 2000 பேருக்கு மேல் வைக்கமாட்டோம் என்று அந்த நகரசபைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பத் திரும்ப மீறினார்கள். அந்த ஊர் மக்களின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். மற்ற ஊர்கள் கைகட்டி நின்ற பாரத்தை அவர்கள் தனியாகச் சுமந்தார்கள்.

அதற்காகத்தான், தஞ்சம் கேட்பவர்களை எல்லா ஊர்களுக்கும் பங்கிடும் பகிர்வுச் சட்டம் வந்தது. எத்தனை இடம் தேவை என்று அரசு கணக்கிடும். மாகாணங்களும் நகரசபைகளும் கூடிப் பேசிப் பங்கிட வேண்டும். யாரும் முன்வராவிட்டால் கடைசியில் அமைச்சர் பணிக்கலாம். மக்கள்தொகை மட்டுமல்ல, ஊரின் வசதியும் கணக்கில் வரும். நியாயமான ஏற்பாடு.

வலதுசாரி லிபரல் கட்சியான வி.வி.டி.யின் உறுப்பினர்களே, இதைக் கொண்டுவந்தவர் அப்போது தஞ்ச விவகாரங்களுக்குப் பொறுப்பான இணையமைச்சராக இருந்த, உங்கள் கட்சியின் எரிக் வான் டெர் பர்க். கீழவையில் நீங்கள் எதிர்த்து வாக்களித்தீர்கள். உங்கள் மேலவை உறுப்பினர்களோ, கட்சித் தலைவர் விரும்பாதபோதும் ஆதரித்தார்கள். 2024 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் அடுத்த மாதமே அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தை, வந்த சூட்டோடு இல்லாமல் செய்யப் புதிய கூட்டணி புறப்பட்டது. இடம் தேடிக்கொண்டிருந்த நகரசபைகள் என்ன செய்யும்? 'சட்டமே போகப்போகிறது, நாம் ஏன் ஊரின் திட்டு வாங்க வேண்டும்?' என்று தயங்கத்தானே செய்யும்.

2023 ஜூலையில் ஓர் அமைச்சரவை தஞ்சப் பிரச்சினையில் கவிழ்ந்தது. 2025 ஜூனில் குடியேற்றத்தை எதிர்க்கும் பி.வி.வி. கட்சி கூட்டணியிலிருந்து வெளியேறி இன்னொன்று கவிழ்ந்தது, அதுவும் இதே பிரச்சினையில்தான். நீங்கள் டென் ஹாக்கில் சண்டை பிடிக்கிறீர்கள். அப்புறம் சமூக மண்டபத்தில் நின்று ஊராருக்குப் பதில் சொல்கிறவர் பகுதிநேரமாக வேலை செய்யும் ஓர் உள்ளூர் நகரசபை உறுப்பினர்.

எத்தனை பேரை நாட்டுக்குள் எடுப்பது என்று நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். அது உங்கள் வேலை. வந்துவிட்டவர்களை எங்கே தங்கவைப்பது என்பதை அந்த வாதத்துக்குள் இழுக்காதீர்கள். பகிர்வுச் சட்டத்தை ஒரு முழுப் பதவிக்காலமாவது தொடாமல் விடுங்கள். பெரிய முகாம்களுக்குப் பதிலாகச் சிறிய இடங்கள் தேடும் நகரசபைகளுக்கு, வருடாவருடம் கெஞ்ச வைக்காமல், பல வருடத்துக்கான பணத்தை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

அன்புடன்,
1985-ல் வந்த ஒருவன்