எரிச்சல் வேறு, வலி வேறு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இந்தக் காலத்தில் யாரடி கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். கண்ணைத் திறக்கவே முடியவில்லை என்று குரல் செய்தி அனுப்பியவளுக்கு இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால் அது பாவம். அதனால்தான் பேப்பர். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

இங்கே சிவகாசியில் சீசன் உச்சத்தில் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டதிலிருந்து ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது. தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதைத் திரையில் சரிபார்ப்பதுதான் காலை முதல் இரவு வரை என் பிழைப்பு. ஒரு எமகண்டம் மாறிப் போனால் ஊரே சண்டைக்கு வரும். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. சின்னவள் பிளஸ் டூ. நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது சாப்பாட்டு நேரத்தில்தான்.

சரி, உன் கண்ணுக்கு வருகிறேன். வருகைப் பதிவு, மதிப்பெண், உதவித்தொகை விவரம் எல்லாவற்றையும் செல்போனிலேயே ஏற்றவேண்டியிருக்கிறது, சாயங்காலமானால் எரிகிறது, நீர் கொட்டுகிறது, புருவத்துக்கு மேலே தலைவலி, போனைக் கீழே வைத்தால் கொஞ்ச நேரம் கரும்பலகையே மங்குகிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். கண்ணாடிக் கடைக்காரரும் ஒரே மூச்சில் நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ கண்ணாடி போட்டால் தீரும் என்றுவிட்டார். எனக்கு உடன்பாடில்லாதது இதுதான். எரிச்சலும் வலியும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எரிச்சல், உறுத்தல், நீர் வடிதல் எல்லாம் கண்ணின் மேற்பரப்பு விவகாரம். தலைவலி, மங்கல், கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் தூரத்து விவகாரம், அதாவது நீ எந்தத் தூரத்தைப் பார்க்கிறாய், உன் கண்ணாடி எந்தத் தூரத்துக்குச் செய்தது என்பது. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 தடவை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்க ஆரம்பித்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதிலும் பல இமைப்புகள் அரைகுறைதான். மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிடும். கண்மேல் இருக்கும் ஈரம் வெறும் தண்ணீர் இல்லை. அதை விழியோடு ஒட்டவைக்கிற வழுவழுப்பு அடியிலும், நீர் நடுவிலும், மெல்லிய எண்ணெய் மேலேயும் இருக்கிறது. அந்த எண்ணெய் இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. 1666லேயே மைபோம் என்கிற ஜெர்மன் மருத்துவர் அவற்றை விவரித்து எழுதியிருக்கிறார், இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். முழுசாக இமைத்தால்தான் அந்த எண்ணெய் பிதுங்கி வந்து பரவும். பரவாவிட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். காய்ந்த கண்ணிலிருந்து ஏன் நீர் கொட்டுகிறது என்று கேட்டாயே, எரிச்சல் தாங்காமல் கண் அவசரமாகச் சுரப்பது அது. கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் தங்காது.

டாக்டரிடம் போனால் ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டுவிட்டு, இமைக்காமல் இரு என்று சொல்லி நீல வெளிச்சத்தில் பார்ப்பார். ஈரப்படலம் 10 நொடிக்குள் உடைந்து திட்டுத் திட்டானால் வறட்சிதான். சிலர் கீழ் இமைக்குள் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்றும் அளப்பார்கள். பயப்படாதே, வலிக்காது, கொஞ்சம் உறுத்தும்.

அதற்கு முன்னால் நீ செய்யக்கூடியது, டேபிள் ஃபேனை முகத்திலிருந்து திருப்பி வை. உன் வீட்டு ஹாலில் அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், நேராக மூக்குக்கு எதிரே. திரை கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் இமை இறங்கும், கண்ணின் திறந்த பரப்பு குறையும், காய்வதும் குறையும். ராத்திரியில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடின இமைமேல் ஐந்து பத்து நிமிடம் வை. துணி சீக்கிரம் ஆறிப்போகும், மறுபடி மறுபடி நனைக்கவேண்டும். இளகிய எண்ணெய் வெளியே வர, இமையை முடி இருக்கும் ஓரம் நோக்கி மெதுவாக நீவிவிடு. எனக்கு மாறுதல் தெரிந்தது இதில்தான், ஆனால் உடனே இல்லை.

உன்னோடு வேலை பார்க்கும் டீச்சர் கொடுத்தாரே ஒரு சொட்டு மருந்து, அதைத் தூக்கிப் போடு. கண் சிவப்பைப் போக்கும் சொட்டு ரத்தக் குழாயைச் சுருக்கிக் காட்டும், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இன்னும் மோசம். சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுப்போகும், கண்புரையும் வரும். செயற்கைக் கண்ணீர் என்று தனியாக இருக்கிறது, டாக்டரிடம் அதைக் கேள். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விடவேண்டியிருந்தால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்கு, அந்த ரசாயனமே கண்ணை உறுத்தக்கூடியது.

இனி வலி. நீ கணக்கு டீச்சர், உனக்கே நான் பாடம் எடுக்கிறேன். 1ஐத் தூரத்தால் வகு, தூரம் மீட்டரில். புத்தகத்தை 40 சென்டிமீட்டரில் பிடித்தால் 2.5. கம்ப்யூட்டர் திரை 65 சென்டிமீட்டரில் இருந்தால் ஒன்றரை. போனை 25 சென்டிமீட்டரில் பிடித்தால் 4. கிட்டத்துப் பொருள் தெளிவாக விழ இவ்வளவு பவர் கூடுதலாக வேண்டும். சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தானாகக் குவிந்து அதைக் கொடுத்தது. வெள்ளெழுத்து வந்த நம் வயதில் சிரமப்படாமல் அது முடியாது. நீயோ போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நூறு பிள்ளைகளின் பெயரை ஏற்றுகிறாய். புருவம் வலிக்காமல் என்ன செய்யும்? கிட்டத்திலேயே இறுகிக் கிடந்த தசை தளர நேரம் பிடிப்பதால்தான் கரும்பலகையும் மங்குகிறது.

தூரம் முதல் கிட்டம் வரை ஒரே லென்ஸில் அடக்கிய உன் புரோகிரசிவ் கண்ணாடியை நான் குறை சொல்லவில்லை, பஸ் பலகையிலிருந்து மளிகைச் சீட்டு வரை அது சமாளிக்கும். ஆனால் கம்ப்யூட்டர் தூரத்துக்கு அதில் ஒதுக்கியிருப்பது நடுவில் ஒரு குறுகலான பாதை. அதைப் பிடிக்கத் தாடையைத் தூக்கித் தூக்கி உட்காருவாய், கழுத்து பிடிக்கும். திரைக்கென்றே ஒற்றைப் பவரில் தனிக் கண்ணாடி செய்துகொள். பரிசோதனைக்குப் போகும்போது கண்ணிலிருந்து திரை வரை இன்ச் டேப்பால் அளந்த அளவைக் கையோடு எடுத்துப் போ. பலரும் இதைக் கேட்பதில்லை, நாமே சொன்னால்தான் உண்டு. முடிந்தவரை ஏற்றும் வேலையைப் போனில் செய்யாதே, பள்ளிக் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துச் செய்.

20-20-20 என்று உன் மகன் சொன்னது தப்பில்லை. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 நொடி பார்ப்பது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப் ஆன்ஷெல் என்ற பார்வை மருத்துவர் சொல்லி வைத்தது. எண்கள் ஞாபகத்தில் நிற்கவேண்டும் என்பதற்காக அப்படி அமைந்தவை, வேதவாக்கு இல்லை. அலாரம் வைத்துக்கொண்டு தவிக்காதே. ஒரு வகுப்புப் பட்டியல் முடிந்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போய் வேப்பமரத்தைப் பார், போதும்.

ப்ளூ கட் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். 2023ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, திரையால் வரும் கண் சோர்வை அந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு சொன்னது. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பகல் வானத்திலிருந்து வரும் நீல ஒளிக்கு முன்னால் திரையிலிருந்து வருவது சொற்பம். அந்தப் பணத்தைத் திரைக் கண்ணாடிக்குப் போடு. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் அதற்குக் கண்ணாடி வேண்டாம், போனை அடுத்த அறையில் வைத்தால் போதும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் இதமாக இருக்கும் என்று நீ மாற்றியது உனக்குச் சரிப்படாது என்று நினைக்கிறேன். உன் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் இருக்கிறது, அதாவது விழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அந்த மாதிரிக் கண்ணுக்கு வெள்ளை எழுத்து கசிந்து பரவித் தெரியும். வெள்ளைப் பின்னணியே இருக்கட்டும், வெளிச்சத்தை மட்டும் குறை. திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடி, திரை அதைவிடப் பளிச்சென்று விளக்காக எரிந்தால் அதிகம்.

இன்னொன்று. எங்கள் ஆபீஸில் ஒரு பெண்ணுக்குப் புதுப் போன் வாங்கியதிலிருந்து தலைவலி, பழைய போனில் ஒன்றுமில்லை. கண்ணைப் பரிசோதித்தால் எல்லாம் சரி. வீட்டில் சாக்குப்போக்கு என்றார்களாம். ஓஎல்இடி திரைகளில் பல, வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்ததில் அவளுக்குக் குறைந்தது. பரிசோதனையில் தெரியாத வலியெல்லாம் பொய் வலி இல்லை என்று அவளுக்காக நான் சண்டையே போட்டேன்.

திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் நிறைய மிதந்தாலோ, ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல மறைத்தாலோ அது போன் சமாச்சாரம் இல்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. எப்படியும் கண் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடு, உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததே.

நான் கடைசிப் புரூப்பைத் திரையில் பார்ப்பதில்லை, அச்செடுத்துத் தாளில்தான் படிக்கிறேன். பேப்பர் செலவு என்று முதலாளி முனகுவார். ஒரு ராகு காலம் தப்பினால் எத்தனை ஆயிரம் தாள் வீண் என்று கேட்டதும் அடங்கிவிடுவார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் சீட்டைப் படம் பிடித்து அனுப்பு. அப்புறம், மார்கழி பிறப்பதற்குள் உனக்குக் காலண்டர் பார்சல் போடவேண்டும். இந்த வருஷம் முருகனா, போன வருஷம் மாதிரி மீனாட்சியா? ஸ்டாஃப் ரூமுக்கும் ஒன்று வேண்டுமென்றால் இப்போதே சொல்லு, டிசம்பரில் கேட்டால் கிடைக்காது.

உன்,
காலண்டர்காரி