நூறு நாள் வேலைத் தளத்தில் வாய்ப் பரிசோதனை நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திண்டுக்கல்.

பொருள்: புகையிலை போடும் பெண்களுக்கு வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை, பல் மருத்துவம், பள்ளி அருகே புகையிலை விற்பனைத் தடை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குழுவில் 14 பேர். அதில் 9 பேர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், அல்லது போட்டு விட்டவர்கள். இதை எழுதும் நானும் பதினெட்டு வருஷம் போட்டவள்தான். வேடசந்தூரில் புகையிலைக்கென்றே தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு அந்தப் பயிர்தான் சோறு போடுகிறது. பயிரை எதிர்த்து நாங்கள் வரவில்லை. எங்கள் வாயைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறோம்.

எங்களில் யாரும் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ராத்திரி வலி தாங்காமல் உட்கார்ந்திருந்தபோது மாமியார் சுருக்குப்பையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, "வலிக்கிற பக்கம் அதக்கிக்கோ" என்றார். வலி மரத்துப் போனது. மறுநாளும் வாய் அதையே கேட்டது. அப்புறம் களையெடுக்கும்போது அது வாயில் இருந்தால் பசி தெரியாது என்று ஆனது. பல்லைப் பிடுங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை.

போன ஆடியில் என் நாத்தனார் இறந்தார். வயது 46. இடது கன்னத்தின் உள்பக்கம், அவர் புகையிலையை அதக்குகிற அதே இடத்தில், முதலில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வலி இல்லை என்பதால் விட்டுவிட்டார். பிறகு குழம்பின் காரம் எரிந்தது; தயிர்ச் சோற்றுக்கு மாறினார். வாய்க்குள் மூன்று விரல் நுழையாத நிலை வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாடையை அறுத்தார்கள். கடைசி நாலு மாதம் குழாய் வழியாகக் கஞ்சி. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கியவர். ஒருமுறைகூட யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

30 வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பரிசோதிப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. வாய்க்குப் பெரிய கருவி தேவையில்லை. டார்ச் விளக்கும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. நர்சிங் படிக்கும் என் மகள் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும். வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே சொல்லிவிட்டதாம். "புகையிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய இடி.

ஆகவே, நூறு நாள் வேலைத் தளத்துக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு செவிலியரை அனுப்ப வேண்டுகிறோம். வேலையை விட்டு நாங்கள் முகாமுக்கு வரமாட்டோம், உண்மையைச் சொல்லிவிடுகிறோம். திட்டு இருப்பவரிடம் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் அது அரிசிப் பானைக்கு அடியில்தான் கிடக்கும். அவரைத் திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வண்டியும், அன்றைய நாளுக்கு வருகைப் பதிவும் தர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பரிசோதனை நடத்திப் பயனில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாளாவது பல் மருத்துவர் இருந்தால், பல்வலிக்குப் புகையிலை தேடும் அடுத்த மருமகள் ஒருத்தியாவது தப்புவாள்.

உயர்நிலைப் பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் புகையிலைப் பொட்டலம் சரம் சரமாகத் தொங்குகிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். எட்டாம் வகுப்புப் பையன் சில்லறை நீட்டி வாங்குவதை நானே பார்த்தேன். கடைக்காரரும் எங்கள் ஊர்க்காரர்தான். முதலில் எச்சரித்து, கேட்காவிட்டால் நடவடிக்கை எடுங்கள்.

பேரணி மட்டும் வேண்டாம், ஐயா. பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டுப் படம் எடுத்துப் போவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். அதற்குப் பதிலாக, பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். நான் விட்டபோது அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. சுருக்குப்பையில் புகையிலைக்குப் பதில் கிராம்பும் வறுத்த கடலையும் போட்டுக்கொண்டேன். இரண்டு முறை திரும்பவும் விழுந்து, மூன்றாவது முறைதான் விட்டது.

முதல் பரிசோதனையை எங்கள் தளத்திலேயே தொடங்கலாம். காலை 9 மணிக்கு எல்லாரும் அங்கேதான் இருப்போம். வாய் கொப்பளித்துவிட்டுத் தயாராக நிற்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்

இணைப்பு: 14 பேரின் ஒப்பம் (இதில் 5 கைநாட்டு).