வெளிநாட்டு ஆர்டருக்கு ஜிஎஸ்டி
எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிச் சேலைக்கு ஏன் கூடுதல் பணம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் 2023 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உட்பட்ட பொருளுக்கும் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) உண்டு, இப்போது 9%. ஜிஎஸ்டிக்குப் பதிவுபெற்ற கடையோ இணையத் தளமோ பணம் கட்டும்போதே வாங்கி, உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கட்டிவிடும். 60 வெள்ளிச் சேலைக்கு 5 வெள்ளி 40 காசு.

400-ஐத் தாண்டினால் வரி சுங்கத்துறைக்கு. பெரும்பாலும் கூரியர் முதலில் கட்டிவிட்டு நம்மிடம் வாங்கும். கையாளும் கட்டணமும் தனியாகப் போடலாம் (அதுதான் எரிச்சல்).

சேர்ந்து ஆர்டர் போடும்போது கவனம். ஒவ்வொரு சேலையும் 400-க்குள் இருந்தாலும், பார்சல் மொத்தமாகத் தாண்டினால் ஜிஎஸ்டி ஏற்கனவே கட்டியாயிற்று என்ற விவரம் இல்லாதபோது, கடையில் ஒருமுறை, சுங்கத்தில் ஒருமுறை என இரண்டு முறை வரி விழலாம். அதனால் ஜிஎஸ்டி காட்டும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கூரியர் கேட்டால் உடனே அனுப்புங்கள்.