இயங்குதளம் மட்டும் மாறினால் போதாது

ஆசிரியருக்கு, வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், அலுவலகங்களின் பழைய கணினிகளைக் கழித்துக்கட்டும் நிலை வந்திருப்பதாகத் தங்கள் நாளிதழ் எழுதியிருந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பது சரிதான். ஆனால் 4 ஜிபி நினைவகமுள்ள அதே கணினியில் ஒரு எஸ்எஸ்டியை (வேகமான சேமிப்பகம்) பொருத்தி, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை முகப்புள்ள லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் கடிதம், கணக்கு, இணையப் பணிகளுக்குத் தாராளமாகப் போதும். லினக்ஸுக்குரிய ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவ அனுமதிக்கிறது. கணினிக்கு இவ்வளவு கட்டணம் என்ற கணக்கே இல்லை.

இம்மாற்றம் பெரும்பாலும் சறுக்குவது இயங்குதளத்தால் அல்ல, எழுத்துருவால். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் கிறுக்கலாகத் தெரியும். உடனே "லினக்ஸில் தமிழ் வராது" என்று முடிவுகட்டி விடுகிறார்கள்! விலைக்கு வாங்கிய எழுத்துருவை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுக்க அதன் உரிமம் பெரும்பாலும் இடம்தராது என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. எந்தக் கணினியிலும் தமிழ் எழுத்து தமிழாகவே தெரிய உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றும், பழைய பழக்கம் விடவில்லை. எனவே முதலில் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பிழை நேரலாம் என்பதால், எண்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த வரிகளைக் கண்ணால் சரிபார்த்தாக வேண்டும். பிறகு நிறுவாமலே, ஒரு 8 ஜிபி பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, அச்சுப்பொறி, ஸ்கேனர், மின்கையொப்ப டோக்கன் (மின்கையொப்பமிடக் கணினியில் செருகும் சிறு கருவி) மூன்றும் வேலை செய்கின்றனவா என ஒரு வாரம் சோதித்துவிட்டு, அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டும் புதிய கணினிக்கான ஒப்பந்தப்புள்ளியைக் கோரலாம்.